பழைய ஹாஸ்டலை இடிப்பதா, புதுப்பிப்பதா: முடிவுக்கு முன் வர வேண்டிய இரண்டு கேள்விகள்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் ஐம்பது ஆண்டு பழைய ஹாஸ்டல் பிளாக்குகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாகப் பேச்சு. அகமதாபாத் ஐஐஎம்மில் இதே விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டதே, கடைசியில் என்ன ஆனது? இடிப்பதா, புதுப்பிப்பதா என்று ஒரு நிறுவனம் எப்படித் திட்டமிட வேண்டும்?

பதில்:

கட்டடங்களின் உறுதியைச் சோதிப்பது என் தொழில். பல நிர்வாகக் கூட்டங்களில் நான் பார்ப்பது இதுதான்: "இடிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?" என்றே பேச்சைத் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கிய உடனே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அப்புறம் வருகிற ஒவ்வொரு அறிக்கையையும் அவரவர் கட்சிக்குச் சாட்சியாகத்தான் படிப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது, வேலை நடக்கிற காலத்தில் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்பது. அடுத்தது, சுவருக்கும் ஸ்லாபுக்கும் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது. இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கையில் இருந்தால், எதை இடிப்பது, எதை வைப்பது என்பது ஒவ்வொரு பிளாக்காகத் தெளிந்துவிடும்.

தங்குமிடக் கணக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வகுப்பறைக் கட்டடத்தை மூடினால் பாடத்தை வேறு அறையில் நடத்தலாம், நேரத்தை மாற்றலாம். ஹாஸ்டலில் ஒரு பையன் இன்றிரவு தூங்க வேண்டும், நாளைக் காலை குளிக்க வேண்டும், மெஸ்ஸில் சாப்பிட வேண்டும். கல்லூரி ஆண்டு யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் விடுதித் திட்டம் என்பது முக்கால் பங்கு இடமாற்றத் திட்டம்தான். முதலில் காலியாக ஒரு பிளாக் வேண்டும். புதிதாகக் கட்டினாலும் சரி, வெளியே வாடகைக்கு எடுத்தாலும் சரி. அதில் 'ஏ' பிளாக் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்து, 'ஏ' பிளாக் வேலையை முடித்து, 'பி' பிளாக் பிள்ளைகளை அங்கே மாற்றி, இப்படியே சுற்றிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காலி செய்யச் சொல்கிற திட்டம் பத்திரிகைச் செய்திக்கு நன்றாக இருக்கும். அந்த ஆண்டு சேர்கிற முதலாண்டு மாணவர்களின் பெற்றோர் வளாகத்துக்கு வெளியே பி.ஜி. தேடி அலைவார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஹாஸ்டல் இடம் இல்லை என்ற ஒரே காரணத்தால் சேராமலே போய்விடுவதும் உண்டு. எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட இருக்காது. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

அமெரிக்காவில் இதைப் பல இடங்களில் நிதானமாகச் செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த தலைமுறை கல்லூரிக்கு வந்தபோது, 1950-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் கிடைத்த மலிவான மத்திய அரசுக் கடனும் சேர்ந்து, 1960-களில் அங்கே அடுக்குமாடி விடுதிகள் வரிசையாக எழுந்தன. நீண்ட நடை, இரு பக்கமும் அறைகள், மாடிக்கு ஒரு பொதுக் குளியலறை. கட்டுமானத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆபத்து) தாராளம். ஐம்பது ஆண்டில் குழாய்கள் மக்கி, லிஃப்ட் தேய்ந்து, மாணவர்களும் அந்த மாதிரி அறைகளை விரும்பாத நிலை வந்தது. மினசோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மன்கேட்டோ வளாகத்தில் இருந்த கேஜ் டவர்ஸ் என்ற 12 மாடி இரட்டை விடுதிகளை 2013 ஜூன் 29 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மாற்று விடுதியைத் திறந்துவிட்டார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் லிங்கன் வளாகத்தில் 1963-இல் திறந்த கேதர், பவுண்ட் என்ற இரண்டு 13 மாடி விடுதிகள் 2017 டிசம்பர் 22 அன்று விழுந்தன. தேதிகளைக் கவனியுங்கள்: ஒன்று கோடை விடுமுறை, மற்றது கிறிஸ்துமஸ் விடுமுறை. தகர்ப்பு சில நொடிகளில் முடிந்துவிடும், எல்லோரும் அதைத்தான் வீடியோவில் பார்ப்போம். அதற்கு முன்னால் கல்நாரைப் பிரித்தெடுத்து, கதவு, ஜன்னல், கம்பி, குழாய் எல்லாவற்றையும் கழற்றி, கட்டடத்தை வெறும் எலும்புக்கூடாக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் ஜிகுராட் என்று அழைக்கிற விடுதிகள் இருக்கின்றன. டெனிஸ் லஸ்டன் வடிவமைத்து 1960-களில் கட்டியவை, படிப்படியாக ஏறுகிற கோபுர வடிவம். அவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், எளிதில் கைவைக்க முடியாது. 2023 செப்டம்பரில், புது மாணவர்கள் வந்து சேர வேண்டிய நேரத்தில், அவற்றை மூட வேண்டியதாயிற்று. காற்றுக் குமிழி நிறைந்த ஒருவகை இலகு கான்கிரீட் பலகைகள் அந்தக் கட்டடங்களில் இருந்ததுதான் காரணம். போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகள் பிரிட்டனில் பள்ளி, மருத்துவமனைக் கூரைகளில் அந்தப் பலகையைப் போட்டார்கள். தண்ணீர் இறங்கினால் முன்னறிவிப்பில்லாமல் உடைந்து விழும். 2018-இல் கெண்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை அப்படி விழுந்தது, நல்லவேளை அது விடுமுறை நாள். 2023 ஆகஸ்ட் கடைசியில் அரசாங்கம் பள்ளிகளுக்கு எச்சரிக்கை விட்டதும் பல்கலைக்கழகங்களும் தங்கள் கட்டடங்களைத் திரும்பிப் பார்த்தன. சுமார் 700 மாணவர்களுக்கு அவசர அவசரமாக வேறு இடம் தேட வேண்டி வந்தது. மூடியது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வளாகத்தில் மாற்று இடம் கொஞ்சமாவது கையிருப்பில் இல்லாவிட்டால் சரியான முடிவுகூட எவ்வளவு பெரிய அவதியாகிவிடும் என்பதற்கு இது சாட்சி.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். கட்டடத்தின் நிலைமையைச் சுற்றிப்பார்த்து எழுதுகிற அறிக்கைகள் நிறைய வருகின்றன: "ஆங்காங்கே விரிசல் காணப்படுகிறது, கட்டடம் பழுதடைந்த நிலையில் உள்ளது." இதை வைத்துக்கொண்டு ஒரு சுவரைக்கூட இடிக்கக் கூடாது. திறந்து பார்க்க வேண்டும்.

ஹாஸ்டலில் நான் முதலில் போவது கழிவறைக்கு. சரியாகச் சொன்னால், கழிவறைக்கு நேர் கீழே உள்ள அறைக்கு. நான் சோதித்த ஒரு பல்கலைக்கழக விடுதியில் கீழ்த்தள அறையின் மேற்கூரை புத்தம் புது வெள்ளையடிப்போடு பளிச்சென்று இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்துவிடுவார்களாம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கணீரென்று கேட்ட ஓசை அடுத்த அடியில் 'பொத்' என்று மாறியது. அந்த இடத்தில் பூச்சைப் பெயர்த்தால், கம்பி துருவேறி ஊதி, தன்மேல் இருந்த கான்கிரீட்டைத் தாள் தாளாகத் தள்ளியிருந்தது. இரும்பு துருவாக மாறும்போது பருமன் பல மடங்கு கூடும், கான்கிரீட் அந்த அழுத்தத்தைத் தாங்காது. பக்கத்திலேயே உடைத்த புதுப் பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தோம். கான்கிரீட் ஆரோக்கியமாக, காரத்தன்மையோடு இருந்தால் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காற்றில் உள்ள கரியமில வாயு ஏறிக் காரம் போயிருந்தால் நிறமே வராது. அங்கே கம்பியைத் தாண்டி உள்ளே போகும்வரை நிறம் வரவில்லை. ஆனால் நான்கு அறை தள்ளி, குளியலறை மேலே இல்லாத இடத்தில் அதே சோதனை செய்தால், மேல் ஓட்டில் கொஞ்சம் தவிர மற்றதெல்லாம் சிவந்தது.

ஒரே கட்டடம், ஒரே ஆண்டு, ஒரே காண்ட்ராக்டர். ஒரு பகுதி செத்துவிட்டது, இன்னொரு பகுதி இன்னும் பல ஆண்டு நிற்கும். அதனால்தான் "மொத்தத்தையும் இடி" என்பதும் "மொத்தத்தையும் காப்பாற்று" என்பதும் பெரும்பாலும் சோம்பேறித்தனமான முடிவுகள் என்கிறேன். கழிவறை வரிசையை மட்டும் இடித்துவிட்டு, அதைத் தனிக் கட்டடமாகப் பக்கத்தில் ஒட்டிக் கட்டி, அறைகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இப்படியொரு நடுவழி இருப்பதே பல திட்டங்களில் பேச்சுக்கு வருவதில்லை.

சோதனை முறைகளில் ஒரு எச்சரிக்கை. சுத்தியல் மாதிரி ஒரு கருவியை வைத்து அழுத்தி எண் பார்ப்பார்கள், மலிவு, விரைவு. ஆனால் காரம் போன கான்கிரீட்டின் மேற்பரப்பு இறுகியிருக்கும், எண் கூடுதலாகவே காட்டும். அதை மட்டும் நம்பி "பலமாக இருக்கிறது" என்று எழுதுவது ஆபத்து. உருளையாகக் குடைந்து எடுத்து நசுக்கிப் பார்க்கும் கோர் சோதனை, கம்பியின் துரு நிலையை மின்னழுத்தத்தால் அளக்கும் சோதனை, இவை இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள். செங்கல் கட்டடமாக இருந்தால் செங்கல்லையும் சாந்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

செங்கல் என்றதும் அகமதாபாத்துக்கு வந்துவிட்டோம். நீங்கள் கேட்ட கதை இதுதான்.

ஐஐஎம் அகமதாபாத் 1961-இல் தொடங்கியது. விஞ்ஞானி விக்ரம் சாராபாய், தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாய் போன்றவர்களின் முயற்சி. இந்தியக் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷியின் அழைப்பில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1962-இல் இந்தப் பணியை ஏற்றார். பூசாத செங்கல், சுவரில் பிரம்மாண்டமான வட்டத் திறப்புகள், வளைவுகள் விரிந்துவிடாமல் அடியில் இழுத்துப் பிடிக்கும் கான்கிரீட் விட்டம். விடுதிகளில் நீண்ட நடைக்கூடத்தைத் தவிர்த்து, மாடிப்படியையும் தேநீர் அறையையும் சுற்றி அறைகளை அமைத்தார். படிப்பு வகுப்பறைக்கு வெளியேயும் நடக்க வேண்டும் என்பது எண்ணம். 1974 மார்ச்சில் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் இறந்துபோனார். மீதியைக் கட்டடக் கலைஞர் அனந்த் ராஜே போன்றவர்கள் தொடர்ந்தார்கள்.

பூசாத செங்கல் அழகுதான், ஆனால் அதற்குப் பாதுகாப்பாக எதுவும் கிடையாது. அடியிலிருந்து ஓதம் ஏறும், கூரையிலிருந்து மழை இறங்கும். தண்ணீரோடு வரும் உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் படிந்து, காயும்போது பூத்து, முகத்தையே உதிர்த்துவிடும். செங்கல் கட்டுக்குள் வைத்த இரும்பும் துருப்பிடித்தது. இதற்கிடையில் 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கம் அகமதாபாத்தையும் உலுக்கியது. 2014-இல் நிர்வாகம் ஒரு தேர்வுப் போட்டி நடத்தி, கட்டடக் கலைஞர் பிருந்தா சோமயாவின் நிறுவனத்திடம் மீட்டெடுப்புப் பணியை ஒப்படைத்தது. விக்ரம் சாராபாய் நூலகத்தைச் சீர்செய்த விதத்துக்கு 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பதினைந்தாம் எண் விடுதியையும் மாதிரியாக எடுத்துச் சீர்செய்தார்கள்.

இதுவரை எல்லாம் பாடப்புத்தகத்தில் போடலாம். 2020 டிசம்பரில் நிலைமை தலைகீழானது. 18 விடுதிகளில் 14-ஐ இடித்துப் புதிதாகக் கட்ட நிர்வாகம் முடிவெடுத்து, கட்டடக் கலைஞர்களிடம் விண்ணப்பமும் கேட்டுவிட்டது. இயக்குநர் முன்னாள் மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார்: செங்கல் தரம் குறைந்தது, கட்டடங்கள் வசிக்கப் பாதுகாப்பற்றவை என்பது வாதம். கானின் பிள்ளைகள், உலக நினைவுச்சின்ன நிதியம், பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் என்று எதிர்ப்பு குவிந்தது. 2021 ஜனவரி 1 அன்று அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் 2022 நவம்பரில், மீட்டெடுப்பைக் கைவிட்டுப் பல கட்டடங்களைப் புதிதாகக் கட்டும் முடிவோடு நிர்வாகம் மறுபடி வந்தது. கானோடு தொடக்கத்திலிருந்து உழைத்த தோஷி, 2023 ஜனவரியில் காலமானார்.

இதில் யார் சரி? விடுதியில் இருக்கும் மாணவன் தலைக்கு மேல் செங்கல் உதிர்வதாகச் சொன்னால் அவன் பக்கம்தான் நான் முதலில் நிற்பேன். உலகப் புகழ் பெற்ற வட்டத் திறப்புக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க முடியாது. நூலகத்தைக் காப்பாற்றியதால் விடுதியையும் அதே மாதிரி காப்பாற்றலாம் என்று சொல்வதும் முழுச் சரியில்லை. நூலகத்தில் இரவில் யாரும் தூங்குவதில்லை, நூற்றுக்கணக்கானவர்கள் குளிப்பதில்லை. விடுதிக்குத் தண்ணீர்தான் எதிரி, அது ஒவ்வொரு தளத்திலும் நாள்தோறும் ஓடுகிறது.

அதே நேரம், நிர்வாகம் செய்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பதினைந்தாம் எண் விடுதியை மாதிரியாகச் செய்தது மிகச் சரியான நடவடிக்கை. அந்த மாதிரி என்ன கற்றுத்தந்தது, எவ்வளவு செலவானது, எத்தனை மழைக்காலம் தாங்கியது, எந்த விடுதியில் எந்தச் சுவர் கெட்டிருக்கிறது என்பதையெல்லாம் சோதனை முடிவுகளோடு முதலில் பொதுவில் வைத்துவிட்டு, அப்புறம் முடிவை அறிவித்திருக்க வேண்டும். 14 விடுதிகளும் ஒரே அளவுக்குக் கெட்டுப்போயிருக்கும் என்பதை, ஒரே கட்டடத்துக்குள் நான்கு அறை இடைவெளியில் கண்ட வித்தியாசத்துக்குப் பிறகு, நான் நம்பத் தயங்குகிறேன். விண்ணப்பம் கேட்ட பிறகு விளக்கக் கடிதம் எழுதினால், அதில் உண்மையே இருந்தாலும் சாக்கு மாதிரிதான் தெரியும்.

சட்டமும் இங்கே கைகொடுக்காது. நம் நாட்டில் தொல்லியல் துறைச் சட்டப்படி ஒன்றைப் பாதுகாக்க அது 100 ஆண்டாவது பழையதாக இருக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகு கட்டிய நல்ல கட்டடங்கள் எல்லாம் இந்த இடைவெளியில் அநாதையாக நிற்கின்றன. 1972-இல் டெல்லியில் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி அரங்கை 2017 ஏப்ரலில் இரவோடு இரவாகத் தரைமட்டமாக்கினார்கள், வயது போதாது என்பதும் காரணங்களில் ஒன்று. ஆகவே உங்கள் பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று நினைத்தால், அதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். சட்டம் தானாக வராது.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. பழுதுபார்க்கும் செலவு புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால் இடித்துவிடு என்று வாய்வழி விதி ஒன்று உலவுகிறது. ஒப்பீடு எப்படிச் செய்தார்கள் என்று பார்க்காமல் இதை நம்பாதீர்கள். புதுக் கட்டடத்தின் மதிப்பீட்டில் இடிப்புச் செலவு, இடிபாடு அகற்றும் செலவு, மாணவர்களுக்கு வெளியே வாடகை, அந்த ஆண்டுகளில் இழக்கும் விடுதிக் கட்டணம் இவை பெரும்பாலும் இருக்காது. பழுதுபார்ப்பு மதிப்பீட்டிலோ லிஃப்ட், தீயணைப்புக் குழாய், மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், புது மின்கம்பி எல்லாம் சேர்த்துத் தொகையை ஏற்றியிருப்பார்கள். இவை தேவையானவைதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு அணுகல் வசதி தர்மகாரியம் அல்ல, கடமை. ஃபேனும் ஒரு விளக்கும் மட்டும் இருந்த காலத்து ஒயரிங்கில் இன்று அறைக்கு இரண்டு லேப்டாப்பும் ஒரு கெட்டிலும் ஓடுகின்றன, அதுவும் மாற வேண்டியதே. ஆனால் இரண்டு மதிப்பீட்டிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும். இன்னொன்று: கட்டுவதற்கு மானியமோ கடனோ கிடைத்துவிடும், பராமரிக்க யாரும் பணம் தருவதில்லை. அதனால் கூரை ஒழுகலைப் பத்து ஆண்டு அப்படியே விட்டுவிட்டு, பதினோராவது ஆண்டு புதுக் கட்டடத்துக்கு விண்ணப்பிப்பது நிர்வாகத்துக்குச் சுலபமாகிவிடுகிறது. புதுக் கட்டடத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் கூட்டத்திலேயே பராமரிப்புக்குத் தனி வைப்புநிதி கேட்டு வாங்க வேண்டும்.

இடித்தே ஆக வேண்டும் என்று முடிவானால் செய்ய வேண்டியவற்றில் புதிர் எதுவும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 4130 என்ற இடிப்புப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்புகளைத் துண்டித்து எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். கல்நார் ஷீட், கல்நார் குழாய் இருந்தால் உடைக்காமல் நனைத்துக் கழற்றிச் சுற்றிக் கட்ட வேண்டும். பக்கத்து பிளாக்கில் பிள்ளைகள் இருந்தால் பொக்லைன் கொண்டு மேலிருந்து கீழாக, தளம் தளமாகத்தான் இறங்க வேண்டும். பரீட்சை வாரங்களில் பிரேக்கர் சத்தம் கூடாது என்பதை டெண்டர் நிபந்தனையிலேயே எழுதுங்கள், பிறகு கெஞ்சினால் காண்ட்ராக்டர் கேட்க மாட்டார். இடிபாட்டைப் பொறுத்தவரை, 2016-இல் வந்த மத்திய விதிகளே நாளுக்கு 20 டன்னுக்கு மேல் அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர்கள் வகை பிரித்து, முன்கூட்டியே திட்டம் தந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றன; இப்போது நடப்பில் உள்ள விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு மாடி ஹாஸ்டல் ஒன்று இந்த வரம்பைச் சாதாரணமாகத் தாண்டும். தேக்குக் கதவுகள், ஜன்னல் கிராதிகள், முழுச் செங்கற்கள், இரும்புக் கட்டில்கள் ஆகியவற்றைத் தனியாகப் பட்டியலிட்டு ஏலம் விடுங்கள். மொத்தமாகக் காண்ட்ராக்டருக்கே விட்டால் அதன் மதிப்பு எங்கே போனது என்று தெரியாது.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். இன்னும் டெண்டர் விடவில்லை என்றால் காலம் இருக்கிறது. மாணவர் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனிச் சோதனை அறிக்கை, கோர் எடுத்த இடங்களைக் குறித்த வரைபடத்தோடு. எந்தப் பருவத்தில் எந்த பிளாக் காலியாகும், அங்கிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற அட்டவணை. இரண்டு வழிக்கும் ஒரே பட்டியல்படி மதிப்பீடு. அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தே இவற்றைப் பெறலாம். அறிக்கையில் 'உடனடி அபாயம்' என்று ஏதாவது பிளாக்கைக் குறித்திருந்தால், விவாதம் முடியக் காத்திருக்காமல் அந்த அறைகளை அன்றே காலி செய்யச் சொல்லுங்கள். மற்ற பிளாக்குகளில் ஆகக் குறைவாகக் கெட்டதை எடுத்து முதலில் சீர்செய்து, ஒரு வடகிழக்குப் பருவமழையாவது அதில் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துவிட்டு அடுத்த டெண்டருக்குப் போகச் சொல்லுங்கள்.